இருபதடித் தெருவில் ஏன் ஆறு வீடுதான்?

இருபதடித் தெரு கேட்டது:

சென்னை நங்கநல்லூரில் எங்களுக்கு ஒரு கிரவுண்டு மனை இருக்கு. அப்பா எண்பதுகளில் வாங்கிக் கட்டினது. தரைத்தளம் மட்டும்தான். இப்போ அம்மா மட்டும் தனியா இருக்காங்க. அக்கா, நான், தம்பி மூணு பேருக்கும் பங்கு. இடிச்சுட்டு ஃப்ளாட்டா கட்டி ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கலாம்னு ரொம்ப நாளா பேச்சு.

ரெண்டு பில்டர் வந்து பார்த்தாங்க. முதல் ஆள் வீட்டுக்குள்ளேயே வரலை. வாசல்ல நின்னு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்த்தார். "இருபதடிதானே சார்?"னு கேட்டுட்டு வண்டியை எடுத்துட்டார். ரெண்டாவது ஆள் ஸ்டில்ட் (கீழே கார் நிறுத்த தூண் மட்டும் வச்ச தளம்) பிளஸ் மூணு மாடி, மொத்தம் ஆறு வீடு, பாதிக்குப் பாதின்னு சொல்றார்.

என் சந்தேகம் இதுதான். எங்க தெரு போய்ச் சேர்ற நாற்பதடி ரோட்டில், இதே ஒரு கிரவுண்டு மனையில், ஸ்டில்ட் பிளஸ் அஞ்சு மாடி நிக்குது. பத்து வீடு. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தளத்தில் ரெண்டு இடத்தோட சர்வே நம்பரையும் போட்டுப் பார்த்தேன். ரெண்டுமே பிரைமரி ரெசிடென்ஷியல். வகைப்பாடு ஒண்ணு, மனை அளவு ஒண்ணு, நடுவுல நூறு மீட்டர் கூட இருக்காது. அவங்களுக்குப் பத்து, எங்களுக்கு ஆறுன்னா எப்படி? சொல்லப்போனா பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு எங்க தெருதான் பக்கம். "எஃப்எஸ்ஐ-யை ஏத்திட்டாங்க, பில்டர் நம்மளை ஏமாத்துறான்"னு தம்பி குதிக்கிறான். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

அளவு நாடா பதில்:

சார், பில்டர் ஏமாத்தலை. எஃப்எஸ்ஐ ஏத்தினதா உங்க தம்பி சொல்றதும் பொய் இல்லை.

நான் ஆலந்தூர், ஆதம்பாக்கம், உள்ளகரம் பக்கம் பிளான் போட்டு அனுமதி வாங்கித் தர்ற ஆள். என்கிட்ட வர்றவங்க எடுத்த எடுப்பில் "எங்க இடம் எந்த ஸோன் சார்?"னுதான் கேப்பாங்க. நான் திருப்பிக் கேக்கறது "ரோடு எத்தனை அடி?". ஸோன் என்ன சொல்லும்? இங்கே வீடு கட்டலாமா, கடை வைக்கலாமா, பட்டறை போடலாமான்னு சொல்லும். 2008-ல் அமலுக்கு வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான்ல இருக்கற கலரெல்லாம் பெரும்பாலும் அதுக்குத்தான். செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமா திருவான்மியூருக்குத் தெற்கே நிலத்தடி நீர் ஊறுற பகுதி, இந்த மாதிரி சில இடத்தில் மட்டும் வகைப்பாடே கையைக் கட்டிப்போடும். மத்தபடி ஒரு மனையில் எத்தனை குடும்பம் குடியேறலாங்கறதை முடிவு பண்றது முன்னாடி போற தார் ரோடுதான்.

கணக்கைப் பார்ப்போம். எஃப்எஸ்ஐ-ன்னா மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாங்கறது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஒரே கட்டட விதிகள் வந்தப்போ, சாதாரணக் கட்டடத்துக்கு 1.5 இருந்ததை 2 ஆக்கினாங்க. உயர்மாடிக் கட்டடத்துக்கு 2.5 இருந்தது 3.25 ஆச்சு. சாதாரணக் கட்டடம்னா 18.3 மீட்டர் உயரம் வரைக்கும். அதுக்கு மேல போனா உயர்மாடி. உங்க தம்பி காதுல விழுந்தது இதுதான்.

உங்க ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ரெண்டு மடங்குன்னா 4,800. இதுவரைக்கும் நீங்களும் நாற்பதடி ரோட்டுக்காரரும் சமம். இதுக்கு மேல காசு கட்டி வாங்கற பிரீமியம் எஃப்எஸ்ஐ-ன்னு ஒண்ணு இருக்கு. 18 மீட்டரும் அதுக்கு மேலயும் அகலமான ரோடுன்னா கூடுதலா 50 சதவீதம். 12 முதல் 18 மீட்டர் வரை 40 சதவீதம். 9 முதல் 12 வரை 30 சதவீதம். ஒன்பதுக்குக் கீழே ஒண்ணும் கிடையாது. அடிக்கு மாத்தினா கிட்டத்தட்ட அறுபதடி, நாற்பதடி, முப்பதடி. அவர் 40 சதவீதம் வாங்கி 6,720 சதுர அடிக்குப் போயிட்டார். நீங்க 4,800-லயே நிக்கிறீங்க. வித்தியாசம் 1,920 சதுர அடி. ரெண்டு வீட்டுக்கு மேல அதிலேயே போச்சு.

அந்த 4,800-ஐயாவது முழுசா கட்ட முடியுமான்னா அதுவும் சந்தேகம். நாற்பதுக்கு அறுபது மனைன்னு வைங்க. முன்னாடி அஞ்சடி, பின்னாடி ஆறடி, ரெண்டு பக்கமும் ஆறாறடி விட்டா (உயரம் கூடக் கூட இதுவும் கூடும், நான் சும்மா கணக்குக்குச் சொல்றேன்) நடுவுல மிஞ்சறது 28-க்கு 49. அதாவது 1,372 சதுர அடி. மூணு மாடி போட்டா 4,116. நாலாவது மாடி போட 684 அடி மிச்சம் இருக்கும். ஆனா அரை மாடிக்காக இன்னொரு ஸ்லாப், லிஃப்ட்டை இன்னொரு தளம் ஏத்தறது, அதனால உயரம் கூடி பக்கத்துல இன்னும் விடவேண்டிய இடம்னு பார்த்தா எந்த பில்டரும் தொட மாட்டார். ஒன்பது மீட்டருக்குக் கீழே இருக்கற தெருவில் எத்தனை வீடு, எவ்வளவு உயரம்னு தனிக் கட்டுப்பாடும் உண்டு. அதுக்கு அடிக்கடி திருத்தம் வரும், நடப்பு அரசாணையைப் பார்த்துக்கணும். அதனால ஸ்டில்ட் பிளஸ் மூணு, ஆறு வீடுன்னு அவர் சொன்னது நியாயமான கணக்குதான்.

நீங்க நங்கநல்லூர்ங்கறதால இன்னொண்ணு. மேல விமானம் போகுதே, அதுக்கும் ஒரு கலர் வரைபடம் இருக்கு. விமான நிலைய ஆணையம் போட்டது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு உயரம் வரை அவங்ககிட்ட போகாமலே கட்டலாம்னு அதுல இருக்கும். மூணு மாடிக்குப் பெரிசா இடிக்காது. ஆனாலும் பாத்துடுங்க.

உண்மையிலேயே அடிபடறது அரை கிரவுண்டுக்காரங்கதான் சார். மடிப்பாக்கம், கொளத்தூர் பக்கமெல்லாம் இருபதுக்கு அறுபது மனையா வரிசையா இருக்கும். இருபதடி அகலத்தில் ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு அடி விட்டா வீடு பத்தடி அகலம். ரயில் பெட்டியே அதைவிடக் கொஞ்சம் அகலம். சட்டமும் இரக்கப்பட்டு அகலம் குறைஞ்ச மனைக்கு ஒரு பக்கம் மட்டும் விட்டா போதுங்குது. ஆனா மாடி ஏற ஏற அந்த இரக்கம் குறையும். அப்போ என்ன நடக்கும்? வரைபடத்தில் ஒண்ணு, கட்டறது ஒண்ணு. காகிதத்தில் அஞ்சடி, தரையில் ரெண்டடி. மொட்டை மாடியில் "ஓய்வறை"ன்னு காட்டினது ஒரு வருஷத்தில் வாடகைக்குப் போயிருக்கும்.

இது நேத்து வந்த பழக்கம் இல்லை. விதியை மீறிக் கட்டினதை வரன்முறைப்படுத்த நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏன்னு தனிப் பிரிவே சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன்னாடி கட்டினதுக்கு வழிவிட்டாங்க. அப்புறம் 113-சி வந்து 2007 ஜூலை 1-க்கு முன்னாடி கட்டினதுக்கு வழிவிட்டாங்க. திரும்பத் திரும்ப மன்னிப்புத் திட்டம் போட வேண்டியிருக்குன்னா, விதி அளந்த நகரம் வேற, ஜனம் வாழற நகரம் வேறன்னு அரசாங்கத்துக்கே தெரியும்னுதானே அர்த்தம்?

ரோடு அகலத்தைப் பிடிச்சுத் தொங்கறதுக்குக் காரணம் இல்லாம இல்லை. தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்பணும், ஏணி நிமிரணும். பன்னிரண்டு மாடிக்கு அது கட்டாயம் வேணும், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனா மூணு மாடியா நாலு மாடியாங்கற இடத்தில் அந்தக் காரணம் அவ்வளவு பலமா எனக்குத் தெரியலை. விளைவைப் பாருங்க. பழவந்தாங்கல், மாம்பலம், சைதாப்பேட்டை எல்லாம் ஸ்டேஷனைச் சுத்தி வளர்ந்த பழைய இடம். நடந்தே ரயிலுக்குப் போயிடலாம். தெருவெல்லாம் பதினஞ்சடி, இருபதடி. அங்கே மாடி ஏறாது. ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் சாலை) ரோடு அகலம், அதனால படூர், சிறுசேரி, கேளம்பாக்கம்னு கோபுரம் கோபுரமா போகுது. அங்கே 3.25-க்கு மேல 50 சதவீதம் பிரீமியமும் சேர்ந்தா 4.875. அங்கே ரயில் கிடையாது, மெட்ரோவுக்கு இப்போதான் தூண் எழும்பிட்டு இருக்கு. எங்கே ஜனம் நடந்து போய் ரயில் ஏற முடியுமோ அங்கே வீட்டைக் குறைச்சு, எங்கே கார் இல்லாம பால் வாங்கக்கூட முடியாதோ அங்கே வீட்டைக் குவிக்குது நம்ம கணக்கு. 2026-க்கு அப்புறம் வரப்போற மூணாவது மாஸ்டர் பிளான்ல இதை மட்டுமாவது திருத்தினா கோடி புண்ணியம்.

ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா? எஃப்எஸ்ஐ கட்டடத்தைத்தான் எண்ணும், ஆளை எண்ணாது. மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய ஒண்டுக்குடித்தன வீட்டை அளந்திருக்கேன். நடுவுல முற்றம், கிணத்தடியில் ஒரே குழாய், சுத்தி ஆறு குடித்தனம். ஒவ்வொரு வாசல்லயும் தனித்தனிக் கோலம். ஒரு ஆள் எண்ணெய்ச் சட்டியை வச்சா ஆறு வீடும் இருமும். மொத்த எஃப்எஸ்ஐ ஒண்ணுகூட வந்திருக்காது. இருபத்தஞ்சு பேருக்குக் குறையாம இருந்தாங்க. அது இடிஞ்சு இப்போ ஸ்டில்ட் பிளஸ் நாலு வந்திருக்கு. எல்லாம் மூணு பெட்ரூம். பாதி வீட்டில் வயசான தம்பதி மட்டும், பிள்ளைங்க வெளிநாட்டில். ஒண்ணு பூட்டியே கிடக்கு. கட்டடம் மூணு மடங்கு ஆச்சு, ஆள் பாதியாச்சு. அந்த ஆறு குடித்தனமும் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரின்னு போயிடுச்சு.

கடைசியா ஒரு விஷயம், இதை அம்மாகிட்டயும் சொல்லுங்க. ஆறு வீட்டில் உங்களுக்கு மூணுன்னா, நிலத்தில் பாதி உங்க பேர்லயே இருக்கணும். யூடிஎஸ், அதாவது பிரிக்காத நிலத்தில் உங்க பங்கு, எத்தனை சதுர அடின்னு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்க. கட்டடத்துக்கு வயசாகும், நிலத்துக்கு ஆகாது.

---

மோட்டார் ரூம் பதில்:

அளவு நாடா சார் சொன்னதை ஒத்துக்கறேன், ஒரு இடத்தில் தவிர. ரோடு அகலம் பார்க்கறது தீயணைப்புக்கு மட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்த ரோட்டுக்கு அடியில என்ன ஓடுதுன்னு யார் பார்க்கறது?

நான் வேளச்சேரி பக்கம் ஒரு அப்பார்ட்மெண்ட்டில் செயலாளர். இந்தப் பதவிக்கு வேற யாரும் வரலை, அதனால நான். எங்க தெருவில் 2019-க்கு முன்னாடி எல்லாம் ரெண்டு மாடி வீடுதான். இப்போ வரிசையா அஞ்சு மனை இடிச்சு நாலு மாடி ஆயிடுச்சு. கழிவுநீர்க் குழாய் மட்டும் அதே பழைய குழாய். காலையில் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலயும் ஒரே நேரத்தில் தண்ணி விழும்போது தெரு முனை மேன்ஹோல் மூடி லேசா ஆடும். நான் கண்ணால பார்த்திருக்கேன். ஏப்ரல் வந்தா போர் இருமும், அப்புறம் லாரிதான். 12,000 லிட்டர் லாரி இந்தத் தெருவுக்குள்ள திரும்பாது, அதனால சின்ன வண்டியா ரெண்டு தடவை வரவழைக்கணும், காசு கூட. சம்ப்பில் குழாயை விட்டுட்டு அவன் ஹாரன் அடிக்கறதை வச்சுத்தான் எங்க தெருவே எழுந்திருக்கும்.

பிரீமியம் எஃப்எஸ்ஐ-க்கு வழிகாட்டி மதிப்பை வச்சு நல்ல காசு வாங்கறாங்க. உள்கட்டமைப்புக்குன்னும் தனியா வசூல் உண்டு. அந்தக் காசு அதே தெருவுக்குக் குழாயா திரும்பி வந்தா நானே நாலு மாடிக்கு ஆரத்தி எடுப்பேன். வீடு வேண்டாம்னு சொல்றவ இல்லை நான். எனக்கே வாடகை ஏறி ஏறித்தான் இந்த ஃப்ளாட்டை வாங்கினேன். வரிசை தப்புங்கறேன், அவ்வளவுதான். முதல்ல குழாய், அப்புறம் மாடி.

கேள்வி கேட்டவருக்கு ஒண்ணு. மூணு பேரும் ஆளுக்கொரு ஃப்ளாட் எடுத்துட்டு மிச்சம் மூணு வீட்டை பில்டர் யாருக்கோ விற்பார். நாளைக்கு மராமத்து, பெயிண்ட், லிஃப்ட்னு வந்தா அந்த "யாரோ"கூடத்தான் நீங்க சண்டை போடணும். சங்கத்தை முதல் நாளே பதிவு பண்ணிடுங்க. இன்னும் முப்பது வருஷம் கழிச்சு இதையும் இடிக்கணும்னா, இப்போ இருக்கற அடுக்குமாடி உரிமையாளர் சட்டப்படி மூணில் ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சா போதும். 2022-ல் போட்டு 2024-ல் அமலுக்கு வந்த சட்டம். அதுக்கு முன்னாடி ஒருத்தர் மாட்டேன்னாலும் எல்லாரும் ஒழுகற கூரைக்குக் கீழே பக்கெட் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.

---

தங்கசாலைக்காரன் பதில்:

எங்க பக்கம் வந்து பாருங்க எல்லாரும். ஜார்ஜ் டவுன்ல சுவரோட சுவர் ஒட்டித்தான் வீடு. பக்கத்துல ஒரு அடிகூட விட வேண்டியதில்லைன்னு விதியே ஒத்துக்கிட்ட இடம், தொடர் கட்டடப் பகுதின்னு பேர். ரோடு எட்டடி, பத்தடி. கீழே கடை, மேலே கிடங்கு, அதுக்கு மேலே குடும்பம். கை வண்டி போனா ஸ்கூட்டர் நிக்கணும். சென்னையிலேயே நெருக்கடியான இடத்தில் நாங்க இருக்கோம், ஆனா லிஃப்ட் வச்ச கட்டடம் விரல் விட்டு எண்ணிடலாம்.

2011 கணக்குப்படி பழைய சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,000-க்கு மேல் ஆள். அது உயர்மாடியால வந்த நெருக்கம் இல்லை. எங்களை மாதிரி ரெண்டு மாடி, மூணு மாடியில் அடைஞ்சு கிடந்ததால வந்தது. "அடர்த்தி வந்தா ஊர் கெட்டுடும்"னு பெசன்ட் நகர்ல உட்கார்ந்து பேசறவங்களைக் கண்டா எனக்குச் சிரிப்பு வரும். அடர்த்தி எப்பவோ வந்துடுச்சு சார். யார் தலையில் வந்துச்சுங்கறதுதான் கேள்வி. ஆத்தங்கரையில் இருந்தவங்களை எல்லாம் பெரும்பாக்கத்துக்கு லாரியில் ஏத்திக் கொண்டுபோய் எட்டு மாடியில் வச்சாங்களே, அப்போ மட்டும் யாரும் ரோடு அகலத்தைப் பத்தி வாய் திறக்கலை.

---

ஸ்காபரோவாசி பதில்:

அண்ணை, நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். உங்கட கதையை வாசிக்க எங்கட கதை மாதிரியே கிடக்குது, ஆனா தலைகீழா.

இஞ்ச ரோட்டுக்குக் குறைவில்லை. எங்கட ஒழுங்கையில ரெண்டு தீயணைப்பு வண்டி பக்கத்துப் பக்கத்தில நிக்கலாம். ஆனா நகரத்தின்ர வதிவிட நிலத்தில பெரும் பங்கு கனகாலமா ஒரு வளவுக்கு (உங்கட பேச்சில மனைக்கு) ஒரு வீடு எண்ட வலயம். வரைபடத்தில அது மஞ்சளாக் கிடக்கிறதால "மஞ்சள் பட்டி" எண்டு சனம் சொல்லும். வளவு ஐம்பதடி அகலம் இருக்கும், பின்னால ஒரு கால்பந்துத் திடல் அளவு புல்லு, ஆனா ரெண்டாவது வீடு கட்டேலாது. சப்வேக்குப் பக்கத்தில இருந்தாலும் அதே கதைதான். நாற்பது மாடிக் கட்டடம் ஒண்டு நிக்கும், அதுக்கு ஒரு ஒழுங்கை தள்ளித் தனி வீடுகள். இடையில நாலு மாடி, அஞ்சு மாடி எண்டு ஒண்டையும் காணேலாது.

தமிழ்ச் சனம் அதுக்கு என்ன செய்தது? பேஸ்மன்ற்றை வாடகைக்கு விட்டது. புதுசா வந்து இறங்கின ஆக்கள் அரைவாசிப் பேர் முதல் ரெண்டு மூண்டு வருசம் பேஸ்மன்ற்றிலதான் இருந்தவை, நானும்தான். கட்டிலில ஏறி நிண்டால் யன்னலால பக்கத்து வீட்டுக் காரின்ர சில்லு தெரியும். அனுமதி எடுத்த பேஸ்மன்ற்றும் இருந்தது, எடுக்காததும் இருந்தது. வெளியில போற ரெண்டாவது வாசல் இல்லாத பேஸ்மன்ற்றில நெருப்புப் பிடிச்சால் என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. வரைபடத்தில ஒண்டு, கட்டுறது ஒண்டு எண்டு அந்த அண்ணை எழுதினாரே, அது இஞ்ச நிலத்துக்குக் கீழ நடந்தது.

இப்ப கொஞ்சம் கொஞ்சமா மாறுது. 2022-இல பின்வளவில சின்ன வீடு கட்ட விட்டினம். 2023 மே மாதம் நகரம் முழுக்க ஒரு வளவில நாலு வீடு வரைக்கும் விட்டினம். புதுக் கட்டடத்துக்கு இத்தனை கார் தரிப்பிடம் கட்டாயம் எண்ட விதியையும் அதுக்கு முன்னமே பெரும்பாலும் எடுத்துப்போட்டினம். 2025 யூன் மாதம் ஆறு வீட்டுக்கு வாக்கெடுப்பு வந்தது. நகரம் முழுக்க எண்டு கொண்டுவந்து, கடைசியில பழைய ரொறன்ரோ, ஈஸ்ட் யோர்க் பக்கத்துக்கும் ஸ்காபரோ வடக்குத் தொகுதிக்கும் மட்டும் எண்டு சுருக்கிப்போட்டினம். மிச்சத் தொகுதிகள் விரும்பினால் சேரலாமாம். எங்கட ஒழுங்கை அதுக்குள்ள வரேல்லை. எதிர்த்துக் கதைச்ச ஆக்களில எங்கட சனமும் இருந்தவை எண்டதையும் சொல்லத்தான் வேணும். பேஸ்மன்ற்றில தொடங்கி வீடு வாங்கின ஆக்கள்தான் "எங்கட அயலின்ர தன்மை கெட்டுப்போம்" எண்டு கடிதம் எழுதினவை. வாசிக்க வெக்கமாக் கிடந்தது.

உங்களுக்கு ஆறு வீடு கட்ட விடுகினம் எண்டால் யோசிக்காமல் கட்டுங்கோ அண்ணை.

---

இருபதடித் தெரு மறுபடி:

எல்லாருக்கும் நன்றி. அளவு நாடா சார், கடைசியா ஒரு சந்தேகம். எங்க தாய்ப்பத்திரத்தில் "20 அடி பொதுச் சாலை"ன்னு இருக்கு. ஆனா நேரில் சில இடத்தில் இருபத்திரண்டு, இருபத்திமூணுகூட வரும்போல தெரியுது, எதிர் வீடு தள்ளிக் கட்டியிருக்கறதால. நாங்க எல்லாரும் தெருவில் பேசி ஆளுக்கு அஞ்சடி விட்டுக்கொடுத்தா முப்பதடி ஆயிடாதா? அப்போ அந்த 30 சதவீதம் வருமா?

---

அளவு நாடா பதில்:

நல்லா யோசிச்சிருக்கீங்க. நடக்கறது கஷ்டம்.

அளக்கறதைப் பத்தி முதல்ல. எதிர் வீட்டுக்காரர் தன் மனைக்குள்ள தள்ளிக் கட்டினது அவர் இடம், ரோடு ஆகாது. ரெண்டு பக்கமும் பட்டா எல்லை எங்கே முடியுதோ அதுக்கு நடுவுல இருக்கறதுதான் ரோடு. புல வரைபடத்தை எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் நாடாவைப் பிடிக்கணும். நேர்ல போனா கார் ஏறற சரிவு ஒண்ணரை அடி, படி ரெண்டடி, மாடிப்படிக்கு அடியில போட்ட மேடை, ஒரு வேப்ப மரம், அதைச் சுத்தித் திண்டுன்னு ரோட்டுக்குள்ள எல்லாம் வந்து நிக்கும். அதிகாரி வர்ற அன்னைக்குத் தெருவே கடப்பாறையோட நிக்கறதைப் பார்த்திருக்கேன். உங்க மனைக்கு முன்னாடி மட்டும் அகலம் இருந்தாலும் பத்தாது. பெரிய ரோட்டில் போய்ச் சேர்ற வரைக்கும் பார்ப்பாங்க.

விட்டுக்கொடுக்கறதுக்கு வழி இருக்கு. ரோட்டுக்காக விடற இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் போட்டுக் கொடுத்தா, அந்த இடத்துக்கும் சேர்த்தே எஃப்எஸ்ஐ கணக்கு உண்டு, அதனால பெரிசா நஷ்டம் இல்லை. ஆனா ஒன்பது மீட்டருக்கு முழுத் தெருவும் சேரணும். உங்க தெருவில் ஏற்கெனவே ஸ்டில்ட் பிளஸ் மூணு கட்டி முடிச்சவர் சுவரை இடிப்பாரா? இடிக்க மாட்டார். இடிக்கற வீடு மட்டும் ஒவ்வொண்ணா தள்ளிப்போனா, தெரு பல்லு போன வாய் மாதிரி அங்கங்கே உள்ளே போயிருக்கும். எல்லாம் ஒண்ணு சேர நாற்பது வருஷம் ஆகும். அதுவரைக்கும் அகலம் இருபதுதான்.

அதைவிட, பக்கத்து மனைக்காரரும் இடிக்கற யோசனையில் இருந்தா ரெண்டையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்க. நடுவுல ரெண்டு பக்கமும் விடற பன்னிரண்டடி மிச்சம். ஒரே லிஃப்ட், ஒரே படிக்கட்டு. எஃப்எஸ்ஐ கூடாது, ஆனா நான் முதல்ல சொன்னேனே கட்ட முடியாம நிக்கற 684 அடி, அது மாதிரி ரெண்டு பேரோடதும் உபயோகத்துக்கு வந்துடும். எத்தனை வீடு வரைக்கும் அந்தத் தெரு தாங்கும்னு மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேட்டுடுங்க. அந்த வரம்புல முட்டினா வீட்டு எண்ணிக்கையைக் கூட்டாம ஒவ்வொண்ணையும் பெரிசாக்கத்தான் பில்டர் பார்ப்பார்.

மூணு பேருக்கும் தனித்தனியா வேணும்னு பிடிவாதம் இல்லைன்னா இன்னொரு வழியும் இருக்கு. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரைக்குமான மனையில் தரைத்தளமும் ஒரு மாடியுமா 3,500 சதுர அடி வரை கட்ட சுயசான்று முறையில் ஆன்லைன்லயே அனுமதி வாங்கலாம். பில்டரே வேண்டாம், நிலம் முழுசா உங்ககிட்டயே இருக்கும். கையில் பணம் வேணும், அதான் சிக்கல்.

ரெண்டாவது பில்டர்கிட்ட போறதா இருந்தா, அனுமதிக்குப் போடற வரைபடத்தோட நகலைக் கூட்டு ஒப்பந்தத்தில் இணைப்பா சேர்க்கச் சொல்லுங்க. ஒவ்வொரு பக்கத்திலயும் விடற அடியைக் கையால எழுதி அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. தயங்கினார்னா எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க, வந்து பார்க்கிறேன்.